புத்தக மலையைத் தரம் பிரித்த சீர்காழி ரங்கநாதன்

தங்கவயலில் பிறந்து வளர்ந்து, இன்று மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் இளைஞர்களில் சிலர், தங்கள் உத்தியோகத்தின் பெயரைக் கேட்டால் "தரவு அறிவியல்" என்கிறார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அது விளங்குவதில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். வெட்டி எடுத்த பாறை மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதிலே தங்கமும் இருக்கிறது, வெறும் கல்லும் இருக்கிறது. பாறையை உடைத்து, அரைத்து, பிரித்து, வேண்டியதை மட்டும் கையில் எடுக்க வேண்டும். பாறை இருக்கும் இடத்தில் தகவலை வைத்துப் பாருங்கள். இந்தக் காலத்து இளைஞர் செய்யும் வேலை ஏறக்குறைய அதுதான்.

இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பே இலக்கணம் வகுத்தவர் ஒரு தமிழர். தஞ்சைத் தரணியில் பிறந்தவர். கணித ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி நூலகராக மாறியவர். பிழைப்புக்காகவும் கொள்கைக்காகவும் மங்களூர், காசி, டில்லி, உஜ்ஜயினி என்று ஊர் ஊராகச் சென்று, முடிவில் பெங்களூரில் குடியேறி, அங்கேயே 1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி காலமானவர். அவர்தான் டாக்டர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று அவரை உலகம் அழைக்கிறது. ஆகஸ்டு 12-ந் தேதியை அவர் நினைவாக நூலகர் தினம் என்று நாடு கொண்டாடுகிறது. ஆனால் அவர் கடைசி வரை வாழ்ந்த மாநிலத்தில் இருக்கும் தமிழர்களிடையே அவரைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை.

சீர்காழிப் பிள்ளை

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் ராமாமிர்த ஐயர் சொற்ப நிலம் உள்ளவர்; ராமாயணத்தை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதில் ஈடுபாடு கொண்டவர். தாயார் சீதாலட்சுமி. பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும்போதே தந்தையார் காலமானார். அப்போது தந்தையாருக்கு முப்பது வயதுதான். தாயாரின் அரவணைப்பிலே வளர்ந்த பிள்ளை, சீர்காழியில் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். உடம்பு அவ்வளவாக ஒத்துழைக்காது. ரத்த சோகை உண்டு. பேச்சில் திக்கலும் இருந்தது. அந்தத் திக்கலை அவர் பிற்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வென்றார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஏனெனில் பின்னாளில் உலகத்தின் பல நாடுகளில் அறிஞர் சபைகளில் எழுந்து நின்று பேசியவர் அவர்.

மேல்படிப்புக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் என்ற வெள்ளையர் அவருக்குக் குருவாக அமைந்தார். வெறும் பாடம் சொல்லிக் கொடுத்த குரு அல்ல; வாழ்நாள் முழுவதும் ரங்கநாதன் நன்றியோடு நினைத்த குரு. 1916-ல் எம்.ஏ. தேறினார். பிறகு ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

முதல் உத்தியோகம் 1917-ல் மங்களூர் அரசாங்கக் கல்லூரியில் கிடைத்தது. மங்களூர் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. ஆக, இந்த மாநிலத்து மண்ணிலே சம்பளம் வாங்கத் தொடங்கியவர், இந்த மாநிலத்து மண்ணிலேயே கண் மூடினார். இடைப்பட்ட காலம் ஐம்பத்தைந்து ஆண்டுகள். மங்களூரிலிருந்து கோயமுத்தூர், அங்கிருந்து சென்னை மாநிலக் கல்லூரி என்று மாற்றலாகி வந்தார்.

வேண்டாத வேலை

1923-ல் சென்னைப் பல்கலைக் கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே நம் நாட்டில் பலருக்குத் தெரியாத காலம். ரங்கநாதனுக்கும் தெரியாது. நேர்முகப் பேட்டிக்குச் சில நாட்கள் முன்பு ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததுதான் அவருக்கு இருந்த மொத்த ஞானம். கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் சில எழுதியிருந்ததால் தேர்வுக் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

சேர்ந்த சில நாட்களிலேயே சலித்துப் போய்விட்டது. வகுப்பிலே நாற்பது ஐம்பது மாணவர்களோடு கலகலப்பாகப் பழகியவருக்கு, யாரும் வராத ஒரு மண்டபத்தில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பது தண்டனையாகத் தோன்றியது. பழைய கல்லூரிக்குப் போய், மீண்டும் ஆசிரியர் வேலை கொடுங்கள் என்று கேட்டார். கல்லூரி முதல்வர் புத்திசாலி. நூலகப் பயிற்சிக்காகப் பல்கலைக் கழகம் லண்டனுக்கு அனுப்பப் போகிறதே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் நாற்காலி இங்கே காத்திருக்கும் என்று ஒப்பந்தம் செய்து அனுப்பினார்.

லண்டன் சென்ற ரங்கநாதன், அங்கே சேயர்ஸ் என்ற நூலக நிபுணரிடம் பயின்றார். படிப்பைவிடப் பெரிதாக அவரை மாற்றியது நேரில் கண்ட காட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் நூலகத்துக்குள் வருகிறார்கள். குழந்தைகள் வருகிறார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் வருகிறார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊரிலோ, படித்தவனுக்கே புத்தகம் எட்டாத பொருள். அந்த வேறுபாடு அவர் மனத்தைத் தைத்தது. ஊர் திரும்பியவர் ஆசிரியர் நாற்காலியைப் பிறகு நினைக்கவே இல்லை.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்பது பெரிய கடை. அதிலே ஒரு நாள் "மெக்கானோ" என்ற விளையாட்டுச் சாமானை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வயது முதிர்ந்த வாசகர்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், கம்பிகள், திருகாணிகள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் பாலம். வேறு விதமாகப் பூட்டினால் பளுதூக்கி. இன்னொரு விதமாகப் பூட்டினால் ரயில் வண்டி.

மற்றவர்கள் அதைக் குழந்தைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ரங்கநாதன் அதிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்நாளில் உலகெங்கும் நூல்களை அடுக்குவதற்கு அமெரிக்கர் டூயி என்பவர் 1876-ல் வெளியிட்ட முறையே பெரிதும் வழங்கி வந்தது. அது தபால் ஆபீசில் இருக்கும் புறாக்கூண்டு அலமாரி போன்றது. முன்கூட்டியே கட்டங்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து விடுவார்கள். புத்தகம் வந்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் செருக வேண்டும். உலகத்தில் புதிது புதிதாக விஷயங்கள் தோன்றும்போது கட்டம் போதாது. இரண்டு மூன்று விஷயங்கள் கலந்த புத்தகம் வந்தால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று திகைக்க வேண்டும். ரங்கநாதன் கட்டங்களையே வேண்டாம் என்றார். எந்த விஷயத்தையும் அதன் உறுப்புகளாகக் கழற்ற வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குறி கொடுக்க வேண்டும். பிறகு வேண்டியபடி பூட்டிக்கொள்ள வேண்டும். மெக்கானோ பொம்மையேதான்.

நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சொன்னால் விளங்கும். சுரங்கத்துக்குள் கல்தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தங்கவயல் குடும்பங்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1940-களில் இந்த நோயைப் பற்றி இங்கிருந்த டாக்டர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுரை ஒரு நூலகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மருத்துவம் என்று வைப்பதா, சுரங்கத் தொழில் என்று வைப்பதா, தொழிலாளர் நலம் என்று வைப்பதா? ரங்கநாதன் வழியில், அந்தக் கட்டுரை இப்படிக் கழற்றப்படும்: துறை மருத்துவம், உறுப்பு நுரையீரல், நோய் சிலிகோசிஸ், செயல் சிகிச்சை, இடம் மைசூர் ராஜ்யம், காலம் 1940-கள். இந்தக் குறிகளை வரிசையாக எழுதினால் அதுவே கட்டுரையின் முகவரி. நாளைக்கு ஒரு டாக்டர் வந்து நுரையீரல் பற்றித் தேடினாலும் அது கிடைக்கும். மைசூர் ராஜ்யம் பற்றித் தேடுபவருக்கும் கிடைக்கும். ஒரு நோயாளியின் உயிர் அந்த ஒரு கட்டுரையில் இருந்தால், அது அலமாரி மூலையில் தூசி படிந்து கிடக்காது.

குறிகளைப் பிரிப்பதற்கு முக்காற்புள்ளி எனப்படும் இரட்டைப் புள்ளியை அவர் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அதனால் இம்முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. (கோலாருக்கும் கோலனுக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை, பெயர் ஒற்றுமையைக் கண்டு யாரும் உரிமை கொண்டாட வேண்டாம்.) புத்தகம் 1933-ல் வெளிவந்தது. உலகத்து விஷயங்கள் எல்லாவற்றையும் ஐந்தே வகை உறுப்புகளாகக் கழற்றிவிடலாம் என்று பின்னாளில் இன்னும் கூர்மையாக்கினார்: அந்த விஷயத்தின் தனித்தன்மை, அது ஆன பொருள், அதன்மேல் நடக்கும் செயல், இடம், காலம்.

இன்று கைபேசியில் ஒரு சட்டை வாங்கப் பார்க்கும்போது, நிறம் எது, அளவு எது, விலை எவ்வளவுக்குள் என்று தனித்தனியாகக் கேட்டு, ஆயிரக்கணக்கான சட்டைகளிலிருந்து நாலைந்தை எடுத்துக் காட்டுகிறதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதே தத்துவம்தான். தகவல் துறை வல்லுநர்கள் இதன் மூலத்தைத் தேடிப் போனால் ரங்கநாதனிடம் வந்து நிற்கிறார்கள். அவர் காலத்தில் நம் நாட்டு நூலகங்களில் கம்ப்யூட்டர் கிடையாது. காகிதம், பென்சில், அட்டைகள் நிறைந்த மரப்பெட்டி. அவ்வளவே அவர் கருவிகள்.

1928-ம் ஆண்டு

ரங்கநாதன் வாழ்க்கையில் 1928 தனியாகச் சொல்ல வேண்டிய ஆண்டு.

ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி மாதம், சென்னை நூலகச் சங்கம் அவர் முயற்சியில் அமைந்தது. ராஜதானி முழுவதும் நூலக இயக்கத்தைக் கொண்டு செல்வது சங்கத்தின் நோக்கம். பல்கலைக் கழக நூலகத்தில் வாசகர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய அலமாரிகளைத் திறந்து விட்டு, வாசகர்கள் தாங்களே உள்ளே சென்று புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். புத்தகம் களவு போகும் என்று பயந்தவர்கள் உண்டு. சில களவு போகட்டும், ஆயிரம் பேர் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

அந்த ஆண்டு நவம்பரில் அவர் வீட்டில் இடி விழுந்தது. 1907-ல், பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோது, அந்நாளைய வழக்கப்படி அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. மனைவியின் பெயர் ருக்மணி. சீர்காழி நாட்களிலிருந்து, மங்களூர், கோயமுத்தூர், சென்னை என்று உடன் வந்தவர். கணவன் கடல் கடந்து சென்ற மாதங்களைப் பொறுத்துக் காத்திருந்தவர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் நேர்ந்த விபத்தில் அந்த அம்மையார் உயிர் இழந்தார். இருபத்தொரு ஆண்டு இல்லறம் ஒரு நாளில் முடிந்தது.

அடுத்த மாதம், டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு கூடியது. ஆசிரியர்கள் திரண்டிருந்தார்கள். அங்கேதான் ரங்கநாதன் தம்முடைய புகழ் பெற்ற ஐந்து விதிகளை முதன் முதலாக வெளியிட்டார். துயரத்தை மறக்க உழைத்தாரா, ஒப்புக்கொண்ட கடமை என்பதால் போனாரா என்று ஆராய்வது நம் வேலை அல்ல. போனார், பேசினார், அதுதான் வரலாறு.

அந்த ஐந்து விதிகளைச் சாதாரண மொழியில் இப்படிச் சொல்லலாம். புத்தகத்தைச் சேர்த்துக் காவல் காப்பது நூலகத்தின் வேலை அல்ல, அதைப் பயன்பட வைப்பதே வேலை. ஏழை, பணக்காரன், ஆண், பெண், கிராமத்தான், பட்டணத்தான், பார்வையற்றவர், எழுத்தறியாதவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஏற்ற புத்தகம் இருக்கிறது; அது அவருக்குக் கிடைக்க வேண்டும். அதேபோல, எழுதிய எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். இருவரையும் சந்திக்க வைக்க வேண்டும். வந்தவரைக் காக்க வைத்து அவர் பொழுதை வீணாக்கக் கூடாது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே போகும் ஓர் உயிர். அதற்குத் தக்கபடி இடமும் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

படிப்பதற்கு எளிமையாக இருக்கிறது. இதென்ன பெரிய கண்டுபிடிப்பு என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் நூலகம் என்றால் கனவான்களின் பொழுதுபோக்கு இடம். கூலி வேலை செய்பவனுக்கும் புத்தகம் பாத்தியப்பட்டது என்று விதி போட்டுச் சொன்னதுதான் அதன் பெருமை. விரிவான நூலாக அது 1931-ல் வெளிவந்தது. இன்றும் உலகத்து நூலகப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது.

இங்கே ஒன்றை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். சிதம்பரத்தில் அந்த விதிகள் பிறந்த அதே காலத்தில், தங்கவயல் தொழிலாளர்கள் யாரும் வந்து கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கி நடத்திய "தமிழன்" பத்திரிகை, அவர் காலத்துக்குப் பிறகு 1926 முதல் சில ஆண்டுகள் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது; பண்டிதர் அப்பாதுரையார் அதன் ஆசிரியராக இருந்தார். சித்தார்த்த புத்தகசாலை என்ற பெயரில் நூல்களும் வெளியிட்டார்கள். பூமிக்கு அடியில் பகலெல்லாம் இருளில் உழைத்தவர்கள், மேலே வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அச்செழுத்தைப் படித்தார்கள். ரங்கநாதனுக்கு இவர்களைத் தெரியாது. இவர்களுக்கு ரங்கநாதனைத் தெரியாது. ஆனால் அவர் யாரை நினைத்து இரண்டாவது விதியை எழுதினாரோ, அந்த மனிதர்கள் இங்கே ஏற்கெனவே கையில் புத்தகத்தோடு இருந்தார்கள்.

சாரதா அம்மையார்

1929 டிசம்பரில் ரங்கநாதன் சாரதா அம்மையாரை மணந்தார். திருமணம் முடிந்த அன்று பிற்பகலே நூலகத்துக்குத் திரும்பி விட்டார் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறிப்பிடுவது வழக்கம். 1932-ல் ஒரே மகன் யோகேஸ்வர் பிறந்தார்.

சென்னையில் நூலகராக இருந்த இருபது ஆண்டுகளும் ரங்கநாதன் தினம் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடுமுறை எடுத்ததே இல்லை. இப்படிப்பட்டவரைக் குடும்பப் பற்று உள்ளவர் என்று சொல்லலாமா என்று வீட்டில் இருக்கும் பெண்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான். பதின்மூன்று மணி நேரம் வெளியே இருப்பவர் வீட்டில் அப்பாவாக எவ்வளவு நேரம் இருந்திருக்க முடியும்? ஷிப்டு வேலை பார்த்த தங்கவயல் தகப்பன்மார்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் திரும்பி வந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. ரங்கநாதன் தாமாகத் தேர்ந்துகொண்டார். அந்த வேறுபாட்டை மறைத்து அவரைப் புகழ வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டுக் கவலை கணவரை அண்டாதபடி பார்த்துக்கொண்டவர் சாரதா அம்மையார். அவர் சுமந்த பாரத்தின் மீதுதான் அத்தனை புத்தகங்களும் எழுந்தன. ரங்கநாதன் அதை அறியாதவர் அல்ல. அறிந்திருந்தார் என்பதற்கு அவர் பிற்காலத்தில் செய்த காரியம் ஒன்று சாட்சி. அதற்கு வருமுன் சில ஆண்டுகளைக் கடக்க வேண்டும்.

மாட்டு வண்டியும் சட்டமும்

1931-ல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பெருமகனார், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். ரங்கநாதன் பரப்பிய இயக்கத்தின் காற்றிலே முளைத்தது அது. வண்டி வந்து நின்றதும் சனங்கள் சூழ்ந்துகொள்வார்கள். படிக்கத் தெரிந்தவர் படிப்பார், தெரியாதவர் கேட்பார்.

நல்ல மனிதர்களின் தயவை நம்பி நூலகம் நடத்த முடியாது, சட்டம் வேண்டும் என்பது ரங்கநாதனின் உறுதி. 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரி நூலக மசோதா ஒன்றை முன்வைத்தார். அது நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1948-ல், சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதலாவது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு ஒரு சிறு தொகையை நூலக வரியாக வசூலித்து, அதைக் கொண்டு ஜில்லா தோறும் நூலகம் நடத்துவது அதன் சாரம். மைசூர் ராஜ்யத்தில் 1965-ல் வந்த பொது நூலகச் சட்டத்துக்கும் அவருடைய யோசனைகள் துணை நின்றன. நகரசபைக்கு வரி கட்டும் வாசகர்கள் ரசீதை உற்றுப் பார்த்தால் நூலக வரி என்ற இனம் கண்ணில் படும். அந்தக் காசுக்குரிய நூலகத்தைப் போய்ப் பயன்படுத்துகிறோமா என்பது வேறு விஷயம்.

காசியில் தனி மனிதர்

சென்னைப் பல்கலைக் கழக நிர்வாகத்தோடு கருத்து வேற்றுமை முற்றியதால், 1945-ல் ரங்கநாதன் விலகினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாள் விடுப்புக்கூட எடுக்காமல் வளர்த்த இடத்தை விட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் வெளியேறினார். ஓய்வாகப் புத்தகம் எழுதலாம் என்று நினைத்திருந்தவரை, காசி இந்துப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைத்தார்.

காசியில் நூலகம் சீர்கெட்டுக் கிடந்தது. புத்தகங்கள் ஒரு லட்சம். பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை. ரங்கநாதன் தனி ஆளாக உட்கார்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் அந்த ஒரு லட்சம் புத்தகங்களையும் பகுத்துப் பட்டியலிட்டு முடித்தார். குமாஸ்தா வேலை பார்க்கும் வாசகர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை ஆண்டுக்கு ஐந்நூற்றைம்பது நாட்கள். நாள் ஒன்றுக்கு 180 புத்தகங்களுக்கு மேல். ஒவ்வொன்றையும் திறந்து, விஷயம் என்ன என்று பார்த்து, குறி எழுதி, அட்டை எழுத வேண்டும். கோப்பு தேங்கிக் கிடக்கும் அலுவலகங்களில் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

1947-ல் டில்லிப் பல்கலைக் கழகத்துக்குப் போனார். அங்கே நூலகவியலில் முதுநிலைப் பட்டத்துக்கும், அதற்கு மேல் டாக்டர் பட்டத்துக்கும் படிப்பு ஏற்படக் காரணமாக இருந்தார். 1948-ல் அதே பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1950-களின் நடுவில் மகன் இருந்த ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சில காலம் தங்கினார். 1957-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உஜ்ஜயினி விக்ரம் பல்கலைக் கழகத்தில் இரண்டு ஆண்டுகள் பணி. பிறகு பெங்களூர்.

வாழ்நாள் சேமிப்பு

இப்போது முன்பு சொன்ன சாட்சிக்கு வருவோம். 1950-களின் பிற்பகுதியில், தம் வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயை ரங்கநாதன் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கொடுத்தார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. எந்தப் பல்கலைக் கழகத்திலிருந்து மனம் கசந்து விலகினாரோ, அதே பல்கலைக் கழகத்துக்குத்தான் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஒரு லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதை, அன்று மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் அறியும். வீடு வாங்கியிருக்கலாம், நிலம் வாங்கியிருக்கலாம்.

பதவிக்கு அவர் வைத்த பெயர் சாரதா ரங்கநாதன். தம் பெயரைத் தனியே வைக்கவில்லை. தந்தையார் பெயரையும் வைக்கவில்லை. பதின்மூன்று மணி நேரம் தம்மை நூலகத்துக்கு விட்டுக்கொடுத்த மனைவியின் பெயரை முன்னால் வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் பெங்களூரில் நூலகவியலுக்கென ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். அதற்கும் சாரதா ரங்கநாதன் அறக்கட்டளை என்றே பெயர். இழந்த நேரத்தை எந்தக் கணவனாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. தம்மிடம் இருந்த பணத்தையும் புகழையும் அவள் பெயரில் எழுதி வைத்த மனிதர் இவர்.

பெங்களூர் ஆண்டுகள்

புள்ளிவிவர மேதை பேராசிரியர் மகலனோபிஸ், இந்தியப் புள்ளியியல் கழகத்தை நடத்தியவர். எண்ணிக்கையைச் சேகரித்து நாட்டின் நிலையை அறிவது அவர் துறை. எழுத்திலுள்ள அறிவைப் பிரித்துத் தேடித் தருவது ரங்கநாதன் துறை. இரண்டும் ஒரு மரத்தின் இரண்டு கிளைகள் என்பதை மகலனோபிஸ் உணர்ந்திருந்தார். புள்ளியியல் கழகத்தின் ஆதரவில் 1962 ஜனவரியில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் பெங்களூரில் தொடங்கியது. ரங்கநாதன் அதன் கௌரவப் பேராசிரியர். தொடக்க ஆண்டுகளில் மல்லேஸ்வரத்தில் நடந்தது. பின்னர் மைசூர் சாலையிலுள்ள கழக வளாகத்துக்கு மாறியது.

எழுபது வயதைத் தொட்ட கிழவர், இளைஞர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, விஞ்ஞானிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய தகவலை எப்படி நொடியில் எடுத்துக் கொடுப்பது என்று பாடம் நடத்தினார். அப்போது பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, டெலிபோன் தொழிற்சாலை, கடிகாரத் தொழிற்சாலை என்று ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. பிற்காலத்தில் கம்ப்யூட்டர் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரத்தில், அந்தத் தொழில் வருவதற்கு முன்பே அதன் பாடம் ஒரு சின்ன வகுப்பில் நடந்திருக்கிறது.

1965-ல் இந்திய அரசாங்கம் அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகம் 1964-ல் டாக்டர் பட்டம் அளித்தது. 1970-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மார்கரெட் மான் விருது கிடைத்தது. இதற்கிடையில் 1967-ல், தம்மைப் போலவே காவிரி நாட்டிலிருந்து வந்து கணிதத்தில் உலகப் புகழ் பெற்ற ராமானுஜனைப் பற்றியும் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பழைய கணித ஆசிரியர் உள்ளுக்குள் சாகவில்லை.

உலகத்து நூலகங்கள் எல்லாம் கோலன் முறைக்கு மாறிவிட்டனவா என்றால், இல்லை. குறிகள் கடினமானவை என்று பலர் ஒதுங்கினார்கள். இந்தியாவிலேயே பல நூலகங்கள் டூயி முறையிலேயே தங்கிவிட்டன. ஆனால் பெயர் சொல்லாமல் அவருடைய தத்துவத்தை எடுத்துக்கொண்டவர்கள் எங்கும் இருக்கிறார்கள். லண்டனில் 1950-களில் இதற்கென்றே ஒரு பகுப்பு ஆராய்ச்சிக் குழு அமைந்து, அவர் வழியில் நடந்தது.

எண்பது வயது நிறைந்த சில வாரங்களில் டாக்டர் ரங்கநாதன் பெங்களூரில் காலமானார். சாரதா அம்மையார் அவருக்குப் பின்னும் வாழ்ந்தார். குழந்தைப் பருவத்தில் தந்தையை அதிகம் காணாத மகன் யோகேஸ்வர், முதுமையில் தந்தையின் வரலாற்றை ஒரு தனி நூலாக எழுதினார். 2001-ல், தங்கவயல் சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டில், அது வெளிவந்தது. தகவல் அறிவியலின் தத்துவஞானி என்ற பொருளில் அதற்குத் தலைப்புக் கொடுத்திருந்தார். ரங்கநாதன் 1964-ல் தொடங்கி வைத்த ஆராய்ச்சி இதழை அறக்கட்டளையே பெங்களூரிலிருந்து நடத்தி வந்தது. பல ஆண்டுக் காலம் அதன் அட்டையில், அறக்கட்டளைப் பெயரின் முதலெழுத்துக்களாக, சாரதா அம்மையாரின் பெயர் முதலில் நின்றது.